ஆடிட்டர் ஆபீஸில் முதல் வருடம்: பி.காம் முடித்துச் சேருபவர்களுக்கும், அவர்களைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கும்

கல்லூரிக் கணக்கில் தேவையான தகவல் எல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கும். ஆடிட்டர் ஆபீஸில் அப்படி இல்லை. கட்டைப்பை நிறைய பில்கள் வரும். பாதி மங்கிப் போயிருக்கும். வங்கி ஸ்டேட்மென்டில் யாருக்குப் போனது என்றே தெரியாத ஜிபே பணம் வரிசையாக நிற்கும். பார்ட்டியைக் (கணக்கு கொடுக்கும் வாடிக்கையாளரைக்) கேட்டால் "போன வருஷம் எப்படிப் போட்டீங்களோ அப்படியே போடுங்க" என்பார். முதல் வகுப்பில் தேறி வந்தவரும் இங்கே திணறுவார்.

கோவை, திருப்பூர் பக்கத்து ஆபீஸ்களில் பல வருடங்களாகப் புதியவர்களோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். செய்த வேலையை அன்றன்றே பார்த்து, எது சரி, எது ஏன் தவறு என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் மூன்று மாதத்தில் தேறிவிடுகிறார்கள். அந்த ஆள் இல்லாத இடத்தில் கெட்டிக்காரர்களும் ஒரு வருடம் என்ட்ரி போட்டுவிட்டு, ஒன்றும் கற்கவில்லை என்ற மனக்குறையோடு கிளம்பிவிடுகிறார்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஓர் ஆளைத் தேடிக்கொள்வதற்கும், அவருடைய நேரத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதற்கும்தான்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: நான் ஸ்டாஃபாகச் சேர்கிறேனா, ஆர்டிக்கிளாகவா? இரண்டும் ஒரே மேசையில் ஒரே வேலை பார்ப்பதால் வெளியே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஆர்டிக்கிள் பயிற்சி என்பது சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் பகுதி. ஒப்பந்தம் போட்டு சிஏ இன்ஸ்டிட்யூட்டில் பதிவு செய்தால்தான் அது கணக்கில் வரும். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டப்படி அது 2 வருடம், இன்டர் (சிஏ இரண்டாம் நிலைத் தேர்வு) இரண்டு குரூப்பும் முடித்த பிறகே தொடங்கும். பி.காமில் 55 சதவீதம் வாங்கியவர் ஃபவுண்டேஷன் (முதல் நிலைத் தேர்வு) எழுதாமல் நேராக இன்டருக்குப் பதிவு செய்யலாம். ஆகவே, இன்டர் முடிக்காத ஒருவரிடம் "இப்பவே வந்துடு, ஆர்டிக்கிள்ல சேர்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மாதங்கள் நல்ல அனுபவமாக இருக்கலாம், பயிற்சிக் காலமாக ஆகாது.

இரண்டாவது: நான் செய்யும் வேலையை யார் பார்ப்பார்? இதற்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். "எல்லாரும் இருக்காங்க, யாரை வேணும்னாலும் கேட்டுக்கலாம்" என்ற பதில் நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் எல்லாரும் பொறுப்பு என்றால் அவசர நாளில் யாருக்கும் நேரம் இருக்காது.

சம்பளம், வேலை நேரம், பிஎஃப், இஎஸ்ஐ ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆபீஸில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ வர வேண்டும். கல்விச் சான்றிதழ்களின் அசலைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள். அசலை ஆபீஸ் பீரோவில் விட்டுவிட்டு வராதீர்கள்.

முதல் வாரம்: ஒரே ஒரு ஃபைல்

சேர்ந்த அன்றே பில் கட்டைக் கொடுத்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றுங்கள். கூடவே சீனியரிடம் ஓர் அனுமதி கேளுங்கள்: ஒரு சிறு வியாபாரியின், வேலை முடிந்துபோன போன வருட ஃபைல். அதைத் தலைகீழாகப் படியுங்கள். ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) தொடங்கி, ஒவ்வொரு தொகையும் எந்த லெட்ஜரிலிருந்து வந்தது, அந்த லெட்ஜரின் பெரிய என்ட்ரிக்கு எந்த பில் ஆதாரம் என்று கீழே இறங்குங்கள். பிறகு அதே எண்கள் வருமான வரி ரிட்டர்னில் எந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு ஃபைலை இப்படி முழுதாகப் பார்த்தவருக்கு, தான் போடும் ஒரு வவுச்சர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பது விளங்கிவிடும்.

தேதிகளை மேசையில் ஒட்டிவையுங்கள். பிடித்த டிடிஎஸ்ஸை (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரியை) கட்ட அடுத்த மாதம் 7 (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1-க்கு (விற்பனை விவரம்) 11. ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வருவது 14. பிஎஃப், இஎஸ்ஐ 15. ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) 20, காலாண்டுக்கு ஒருமுறை ஃபைல் செய்யும் சிறு வியாபாரிகளுக்குத் தமிழ்நாட்டில் 22. ஆபீஸின் மனநிலை இந்தத் தேதிகளைச் சுற்றித்தான் ஏறி இறங்கும். 19-ஆம் தேதி மாலை சீனியர் எரிந்து விழுந்தால், அது உங்கள் மேல் உள்ள கோபமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

டேலியில் எஃப்4 கான்ட்ரா (ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே மாறும் பணம்), எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். இரண்டு நாளில் விரல் பழகிவிடும். எக்செலில் விலுக்கப், பிவட், சம்இஃப் மூன்றையும் முதல் மாதத்துக்குள் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை வேலை கேட்கும்போது வரட்டும்.

இந்த வாரமே மனதில் வைக்க வேண்டிய இன்னொன்று: எந்தப் பார்ட்டியின் ஜிஎஸ்டி, வருமான வரிப் பதிவிலும் உங்கள் சொந்த மொபைல் எண்ணையோ மெயிலையோ போடாதீர்கள். ஓடிபி வாங்கச் சுலபம் என்று பலர் போட்டுவிடுகிறார்கள். வேலையை விட்டு வருடக்கணக்கான பிறகும் நோட்டீஸ் உங்கள் மெயிலுக்குத்தான் வரும். அது வந்ததே பார்ட்டிக்குத் தெரியாது.

என்ட்ரி போடும் மாதங்கள்

இதை அலுப்பான வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு வியாபாரத்தை உள்ளேயிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நான்கு விஷயங்களில் கண் வையுங்கள்.

வங்கியிலிருந்து போன ஒவ்வொரு தொகையும் வியாபாரச் செலவல்ல. எல்ஐசி பிரீமியம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு மின்கட்டணம் எல்லாம் முதலாளியின் சொந்த எடுப்பு. அடுத்தது ரொக்கக் கையிருப்பு: ஏதாவது ஒரு நாளில் மைனஸ் போகிறதா என்று பாருங்கள். இல்லாத பணத்தை யாரும் செலவழித்திருக்க முடியாது, ஆகவே ஏதோ வரவு விட்டுப்போயிருக்கிறது அல்லது தேதி மாறியிருக்கிறது. மூன்றாவதாக, ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைத் தனியே குறித்துவையுங்கள். வருமான வரியில் அது பொதுவாகச் செலவாக ஏற்கப்படாது. லாரி வாடகை போன்றவற்றுக்கு மட்டும் வரம்பு 35,000. நான்காவது சஸ்பென்ஸ், அதாவது எதற்கென்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு. தெரியாததைச் சஸ்பென்ஸில் போடுவது சரிதான். போட்ட அன்றே அதற்கான கேள்வியை ஒரு பட்டியலில் எழுதாவிட்டால், செப்டம்பரில் எழுபது வரியாக வந்து நிற்கும். அப்போது பார்ட்டிக்கும் ஞாபகம் இருக்காது.

கம்பெனி கணக்கு என்றால் ஒரு கூடுதல் கவனம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள், திருத்தம் எல்லாம் பதிவாகும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் நிற்கும். யோசிக்காமல் பழைய என்ட்ரியை அழித்துத் திருத்தாதீர்கள்; கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

2பி பொருத்துவது: ஒரு கணக்கைக் கடைசி வரை பார்ப்போம்

புதியவரிடம் தனியாகக் கொடுக்கப்படும் முதல் பொறுப்பு பெரும்பாலும் இதுதான். சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ல் காட்டிய பில்தான் நம் பார்ட்டியின் 2பி-யில் வரும். 2022 ஜனவரி முதல், அப்படி வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி) எடுக்க முடியாது. ஆகவே இங்கே நேரும் பிழை நேராகப் பணப் பிழை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். புத்தகப்படி இந்த மாத உள்ளீட்டு வரி 4,12,500. 2பி-யில் 3,96,300. வித்தியாசம் 16,200. புதியவர் இந்த 16,200-ஐத் தேடத் தொடங்குவார், மணிக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் அது இரண்டு பக்கத்து வித்தியாசமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நிற்கும் எண்.

சரியான வழி, பில் வாரியாகப் பொருத்துவது. சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் சேர்த்த ஒரு நிரலை இரண்டு பட்டியலிலும் உருவாக்கி விலுக்கப் போடுங்கள். பொருந்தாத பல பில்கள் உண்மையில் ஒன்றுதான் என்பது உடனே தெரியும்: நீங்கள் 125 என்று ஏற்றியிருப்பீர்கள், அவர் 125/25-26 என்று காட்டியிருப்பார். அவற்றைக் கையால் பொருத்திவிட்டால் பொருந்திய தொகை 3,94,500 என்று வருகிறது. புத்தகத்தில் மட்டும் இருப்பது 18,000. 2பி-யில் மட்டும் இருப்பது 1,800.

அந்த 18,000-ஐப் பிரியுங்கள். 10,800 நூல் வாங்கிய பில். 2,16,000 ரூபாய்க்கு 5 சதவீதம். சப்ளையர் காலாண்டு ஃபைல் செய்பவர், இடையில் பில்லை ஏற்றவில்லை. காலாண்டு முடிந்து அவர் ஃபைல் செய்ததும் வந்துவிடும். அதுவரை எடுக்காமல் காத்திருப்பில் வைக்க வேண்டும். மீதி 7,200 மெஷின் உதிரிபாகம். 40,000 ரூபாய்க்கு 18 சதவீதம். அந்தக் கடைக்காரர் ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாகக் காட்டிவிட்டார். இது காத்திருந்தால் வராது. அவருக்கு போன் போட்டு, அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-ல் திருத்தச் சொல்ல வேண்டும். 2பி-யில் மட்டும் இருக்கும் 1,800 என்ன? வங்கி பிடித்த 10,000 ரூபாய் கட்டணத்துக்கான வரி. ஏற்றியவர் 11,800-ஐயும் முழுதாக வங்கிச் செலவில் போட்டிருக்கிறார். அது பார்ட்டிக்குக் கிடைக்க வேண்டிய பணம்.

சீனியரிடம் கொடுக்கும்போது "16,200 டேலி ஆகலை" என்று கொடுக்காதீர்கள். இன்ன பில், இன்ன காரணம், இனி யார் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று நிரலோடு கொடுங்கள். அப்படி ஒரு தாள் கொடுத்த நாளிலிருந்து உங்களுக்கு வரும் வேலையின் தரமே மாறும்.

கேட்பது எப்படி

பயந்து கேட்காமல் இருப்பவர், எதற்கெடுத்தாலும் கேட்பவர் என இரு வகை உண்டு. இருவருக்கும் ஒரே வழிதான். ஒரு நோட்டில் சந்தேகங்களைச் சேர்த்துக்கொண்டே போங்கள். மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை மொத்தமாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் பதிலையும் சேர்த்தே கொண்டுபோங்கள். "அக்கா, இந்த மோட்டாரை ரிப்பேர் செலவுல போடவா, சொத்துல சேர்க்கவா? புதுசா வாங்கினதால சொத்துன்னு நினைக்கிறேன்" என்றால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "அக்கா, இது எதுல போடறது?" என்றால் அவர் தன் வேலையை நிறுத்திவிட்டு முழு பில்லையும் படிக்க வேண்டும். கிடைத்த பதிலை எழுதிவையுங்கள். ஒரே கேள்வி மூன்றாம் முறை போகும்போதுதான் சலிப்பு வருகிறது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கில மெயில் ஒரு பெரிய கலக்கம். ஆபீஸில் போகும் மெயில்களில் பத்து வகைதான் திரும்பத் திரும்ப வரும்: ஆவணம் கேட்பது, நினைவூட்டுவது, ரிட்டர்ன் முடிந்ததைச் சொல்வது, நோட்டீஸுக்குப் பதில் தர அவகாசம் கேட்பது. சீனியர் அனுப்பியவற்றைச் சேமித்து மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் மாதிரி தேவைப்படாது.

பார்ட்டியிடம் போனில் பேசும்போது மொத்தமாக "டாக்குமென்ட் அனுப்புங்க" என்றால் எதுவும் வராது. "அண்ணா, ஜூலை மாச கரண்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் மட்டும் வரலைங்க, மத்ததெல்லாம் வந்துடுச்சு. 5-ஆம் தேதிக்குள்ள கிடைச்சா டிடிஎஸ் கட்டிடலாமுங்க" என்று, எது, எப்போது, எதற்கு என மூன்றையும் சொல்லுங்கள். பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். ஒரு பார்ட்டியின் விற்பனையையோ கடனையோ இன்னொருவரிடம், வீட்டிலும்கூட, பேசக் கூடாது. ஒரே தெருவில் போட்டிக் கடை வைத்திருக்கும் இருவர் ஒரே ஆடிட்டரிடம் வருவது நம் ஊர்களில் சகஜம். பார்ட்டியின் அனுமதியில்லாமல் தகவல் வெளியே போனால், அது ஆடிட்டர் மீதான தொழில் ஒழுங்குக் குற்றமாகவே சட்டத்தில் இருக்கிறது.

மில்லுக்கும் வங்கிக்கும் ஆடிட் போகும்போது

அங்கே நீங்கள் விருந்தாளியும் அல்ல, அதிகாரியும் அல்ல. பில்லைப் பார்த்து டிக் அடிக்கும் முன் ஐந்தைப் பாருங்கள்: பெயர், தேதி, தொகை, ஒப்புதல் கையெழுத்து, எந்தக் கணக்கில் ஏறியது. சரக்கு எண்ணும்போது, புத்தகத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் தேடுவது பாதிதான். கிடங்கில் இருப்பதை எடுத்துப் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்த்ததை அங்கேயே எழுதுங்கள். தணிக்கைத் தரநிலை 230 கேட்பதன் சாரம், அந்த வேலையில் சம்பந்தப்படாத அனுபவமுள்ள ஒரு தணிக்கையாளர் உங்கள் தாளைப் படித்தால், என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது, என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பது புரிய வேண்டும் என்பது.

தனியாக வெளியூர் அனுப்பப்படும் பெண்கள் போக்குவரத்து, தங்குமிடம், திரும்பும் நேரம் மூன்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். அது சலுகை அல்ல. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஆபீஸில் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. பார்ட்டியின் இடத்தில் நடந்தாலும் அது வேலையிடம்தான்.

செப்டம்பர், அக்டோபர்

வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, அந்த ரிட்டர்னுக்கு அக்டோபர் 31, கம்பெனிகளின் பொதுக்குழுவுக்கும் செப்டம்பர் இறுதி. அரசு தேதியைத் தள்ளிவைப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பி வேலையைத் தள்ளக் கூடாது. இந்த இரண்டு மாதம் இரவு நீளும் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஃபைலிங் பொத்தானை அழுத்தும் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். பிழைகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நேர்கின்றன.

2024-ல் புனேயில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களிலேயே ஓர் இளம் சிஏ பெண் இறந்துபோனார். வேலைப் பளுவைப் பற்றி அவருடைய தாய் எழுதிய கடிதம் நாடு முழுவதும் விவாதமானது. தூக்கம் வாரக்கணக்கில் கெடுவது, காலையில் ஆபீஸை நினைத்தாலே நெஞ்சு படபடப்பது, சாப்பாடு இறங்காதது, இவற்றைச் "சீசன்ல அப்படித்தான்" என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பிழை தெரிந்துவிட்டால்

உடனே சொல்லுங்கள். பிழையின் விலை நாளோடு ஏறுகிறது. பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்டத் தவறினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி, மாதத்தில் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஃபைல் செய்த 3பி-யைத் திருத்தி மறுபடி போட முடியாது. அடுத்த மாத 3பி-யில்தான் சரிசெய்ய முடியும். சொல்லும்போது தொகை, மாதம், சரிசெய்யும் வழி மூன்றையும் கொண்டுபோங்கள்.

தவறி நேர்ந்த பிழை வேறு, செய்யச் சொல்லப்படும் தவறு வேறு. சரக்கே வராத பில்லை ஏற்றச் சொன்னால் "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யறேங்க" என்று நேராக ஆடிட்டரிடம் போங்கள். உங்கள் பான், ஆதார், வங்கிக் கணக்கை எந்தப் பார்ட்டிக்காகவும் தராதீர்கள். "பேருக்கு ஒரு டைரக்டர், கையெழுத்து மட்டும் போதும்" என்பதற்கு எத்தனை பழக்கமானவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கடனுக்கும் வரி பாக்கிக்கும் தேடிவரும்போது அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள்.

ஆபீஸ் நடத்துபவர்களுக்கு

புதியவருக்கு ஒரு சீனியரை ஒதுக்குங்கள். அந்தச் சீனியரின் வேலையில் தினம் அரை மணியைக் குறைத்துக்கொடுங்கள். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் அது பெயரளவில்தான் இருக்கும். புதியவரின் தாளைத் திருத்தும்போது நீங்களே மாற்றிவிட்டு ஃபைலை மூடாதீர்கள். குறித்துத் திருப்பிக் கொடுங்கள். எல்லார் முன்னும் திட்டினால் அடுத்த பிழை உங்கள் காதுக்கு வராது, நோட்டீஸாகத்தான் வரும். ஒரே ஆளை இரண்டு வருடம் ஜிஎஸ்டி மேசையிலேயே வைக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை, வருமான வரி என்று மாற்றுங்கள்.

இப்போது சேருபவர்களுக்கு ஒரு நல்ல நேரம் வாய்த்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. பிரிவு எண்கள் மாறுகின்றன, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் ஒரே வரி ஆண்டு வருகிறது. பழைய வருடங்களுக்குப் பழைய சட்டமே தொடரும். முப்பது வருட அனுபவமுள்ளவரும் இதை முதலிலிருந்து படிக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து படித்தால், புதியவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

விட்டுப் போக நினைத்தால்

முதல் மூன்று மாதக் கஷ்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு சீசனைப் பார்த்துவிட்டு யோசியுங்கள். வருடம் முடிந்தும் உங்கள் வேலையை யாரும் பார்ப்பதில்லை, ஒரே வகை என்ட்ரிதான், கேட்டால் எரிச்சல்தான் என்றால் மாறுவது நியாயம். பொய்க் கணக்கு வழக்கமாக நடக்கும் இடமென்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது பார்ட்டி வாரியாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள்: எது முடிந்தது, எது பாக்கி, எந்த நோட்டீஸுக்கு எந்தத் தேதி. கைவசம் உள்ள டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கடவுச்சொற்களை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் போனிலும் சொந்த மெயிலிலும் கிடக்கும் பார்ட்டிகளின் ஆவணங்களை அழித்துவிட்டு, பார்ட்டி குரூப்களிலிருந்து வெளியேறுங்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விட்ட தேதியோடு நீங்கள் செய்த வேலைகளின் விவரமும் வரும்படி கேட்டு வாங்குங்கள்.